போரடிக்கிற மலைவீடு

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல்முறை. நாங்கள் ஈரோட்டில் இருக்கிறோம். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஐந்தாம் வகுப்பு. கொல்லிமலையில், செம்மேட்டைத் தாண்டி, என் கணவரின் நண்பருக்கு ஒரு காப்பித் தோட்டமும் பழைய ஓட்டு வீடும் உண்டு. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அங்கே போய் நாலைந்து நாள் தங்கிவிட்டு வருவது எங்கள் வழக்கம். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தவரை அதைவிடப் பெரிய கொண்டாட்டம் கிடையாது.

போன டிசம்பரில் மகள் முகம்கொடுத்தே பேசவில்லை. சிக்னல் இல்லை என்று திண்ணை மூலையில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "போரடிக்குது, எப்பப் போறோம்?" என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. அவளை எப்படியாவது சிரிக்கவைக்க வேண்டும் என்று அருவி, கோயில், படகு என்று நாங்கள் அலைந்ததில் எங்களுக்கும் ஓய்வு இல்லாமல் போனது. அடுத்த வருடம் அவளுக்குப் பத்தாம் வகுப்பு. இந்த முறை பேசாமல் டியூஷனில் விட்டுவிடலாம் என்கிறார் என் நாத்தனார். கணவருக்கும் ஏறக்குறைய அதே எண்ணம்தான். எனக்கு மனம் ஒப்பவில்லை. வளர்ந்த பிள்ளைகளை இப்படி இழுத்துக்கொண்டு போவது சரிதானா?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

போய் வாருங்கள். டியூஷன் எங்கும் ஓடிவிடாது.

அரையாண்டு விடுமுறை டிசம்பர் 24 வாக்கில் தொடங்கிப் புத்தாண்டோடு ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு இதே நாட்களில் உங்கள் மகளுக்குச் சிறப்பு வகுப்பு இருக்கும், ரிவிஷன் தேர்வு இருக்கும், மார்ச்சில் பொதுத்தேர்வு. பிறகு பதினொன்று, பன்னிரண்டு, அதற்கப்புறம் எந்த ஊரில் கல்லூரியோ. நான்கு பேரும் ஒரே கூரையின் கீழ் வேறு வேலை எதுவும் இல்லாமல் இருக்கக் கிடைக்கும் டிசம்பர்கள் இனி அதிகம் இல்லை. இதை உங்கள் கணவரிடம் நேராகவே சொல்லுங்கள்.

அவள் போரடிக்கிறது என்று சொன்னதும் நீங்கள் இருவரும் பதறிப்போயிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது, அவள் மூலையில் உட்கார்ந்தது அல்ல. பள்ளி வேன், மணி, வீட்டுப்பாடம், ஸ்பெஷல் கிளாஸ் என்று ஒவ்வொரு மணி நேரத்தையும் வேறு யாரோ நிரப்பித் தந்தே வளர்ந்த பிள்ளை அவள். திடீரென்று ஒரு முழுப் பகலையும் அவள் கையில் கொடுத்தால் என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கத்தான் செய்வாள். முதல் நாள் எரிச்சல் வரும், இரண்டாம் நாள் சண்டை வரும். அதற்குப் பிறகு அவளாகவே எழுந்து எதையாவது தேடிப் போவாள். அந்த நேரம் பார்த்து நீங்கள் அவளைக் காரில் ஏற்றி வாசலூர்பட்டி படகு இல்லத்துக்குக் கூட்டிப்போய்விட்டீர்கள். இந்த முறை பொறுத்துக்கொள்ளுங்கள். "போரடிக்குது" என்றால் "ஆமா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

இயர்போனைப் பிடுங்காதீர்கள். திண்ணை மூலை அவளுடையதாகவே இருக்கட்டும். நான்கு பேர் இருக்கிற வீட்டில் பதினான்கு வயதுப் பெண்ணுக்குத் தனியாக உட்கார ஓர் இடம் வேண்டும். ஆனால் பெரியவர்களும் போனை எடுத்து வைத்துவிட வேண்டும். அப்பா வேலிப் பக்கம் போய் சிக்னல் தேடிக்கொண்டு நின்றால், மகளுக்குச் சொல்ல நம்மிடம் ஒரு வார்த்தையும் மிஞ்சாது.

அவளுக்கு வேலை கொடுங்கள். பொழுதுபோக்குக்கு அல்ல, உண்மையாகவே நடக்கிற வேலையில் ஒரு பங்கு. நீங்கள் போவதே காப்பிப் பழம் எடுக்கிற பருவத்தில். ஆயிரம் மீட்டருக்கு மேலான அந்த உயரத்தில் அராபிகா நன்றாக வரும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை பழுக்கும். ஒரே கணுவில் பச்சைக்காய், மஞ்சள் ஏறியது, நன்கு சிவந்தது என்று எல்லாம் நெருக்கிக்கொண்டு நிற்கும். சிவந்ததை மட்டும் கிள்ள வேண்டும். கணுவைக் காயப்படுத்தக் கூடாது, அடுத்த பூ அங்கேதான் வரும். சிவந்த பழத்தை இரண்டு விரலால் அழுத்தினால் வழுவழுவென்று இரண்டு கொட்டைகள் வெளியே நழுவும். வாயில் போட்டுச் சப்பினால் மேலே இருக்கும் பசை தித்திக்கும். காப்பியின் வாசமோ கசப்போ அதில் துளிகூட இருக்காது; அதெல்லாம் வறுத்த பிறகு வருவது. உங்கள் மகளுக்கு இதைச் சொல்லாதீர்கள், அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

பழமாகவே காயவைப்பதென்றால் களத்தில் இரண்டு வாரம் போல ஆகும். பகலில் அவ்வப்போது கிளறிவிட வேண்டும். மார்கழிப் பனி இறங்குவதற்கு முன் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும், மறுநாள் வெயில் ஏறியதும் மறுபடி விரிக்க வேண்டும். மூடுகிற பொறுப்பை அவளிடம் ஒப்படைக்க முடியுமா என்று நண்பரிடம் கேளுங்கள். மறந்தால் பழம் நனைந்து பூஞ்சை பிடிக்கும் என்பதையும் அவரே அவளிடம் சொல்லட்டும். நீங்கள் சொன்னால் அது அறிவுரை ஆகிவிடும்.

காலையில் பழம் எடுக்கப் போகும் பெண்களோடு அவளை அனுப்பிவையுங்கள், நீங்கள் கூடப் போக வேண்டாம். எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இதைப் பார்த்திருக்கிறேன். நாம் கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறவர்கள், முன்பின் தெரியாத ஓர் அக்காவிடம் "உங்களுக்கு எப்பக் கல்யாணம் ஆச்சு, நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க" என்று மணிக்கணக்கில் விசாரித்துக்கொண்டிருப்பார்கள். ஒன்றை மட்டும் முன்பே சொல்லி அனுப்புங்கள்: அந்தப் பெண்களுக்கு அது பிழைப்பு. அவள் எடுக்கிற பழம் அவர்கள் கூடையில் விழட்டும். அவர்களை நிறுத்திவைத்துப் படம் எடுக்க வேண்டாம்.

மகனைப் பற்றிக் கவலையில்லை. பத்து வயதில் ஒரு நாயும் ஒரு ஓடையும் போதும். செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை இருக்கிறது; அங்கே வண்டியை நிறுத்தி அவனுக்குக் கதை சொல்லுங்கள். ஓரி விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாகப் புறநானூற்றில் 152-ஆம் பாட்டில் வன்பரணர் பாடுகிறார். அதைக் கேட்டபின் ஒரு குச்சியும் கயிறும் கிடைத்தால் அன்றைய பகல் முழுவதும் அவனுக்குப் போய்விடும்.

இரவை உங்கள் கணவரிடம் விடுங்கள். டிசம்பர் கடைசியில், மூட்டம் இல்லாத இரவில், எட்டரை மணிக்கு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தால் கார்த்திகை விண்மீன் கூட்டம் நல்ல உயரத்தில் தெரியும். கிழக்கே பார்த்து நின்றால் வரிசையாக மூன்று மீன்கள். அவற்றுக்கு இடப்பக்கம் செம்மை படர்ந்து ஒன்று மினுங்கும், அதுதான் திருவாதிரை. மார்கழியில் வீட்டில் களி கிண்டுவது அந்த மீனின் பெயரால்தான் என்று சொன்னால் மகள் காதிலிருந்து ஒரு பக்க இயர்போனையாவது கழற்றுவாள் என்று நினைக்கிறேன். நிலா வெளிச்சம் இல்லாத நாட்களாக அமைந்தால் இன்னும் நல்லது, நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் சுற்றுவதைக் குறைத்துவிடுங்கள். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை ஆகாய கங்கை அருவியில் கூட்டம் நெரியும். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து கீழே இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள்; இறங்குவதைவிட ஏறுவதுதான் பாடு. போயே ஆக வேண்டுமென்றால் ஒருநாள் காலையில் முதல் ஆளாகப் போய்விட்டுத் திரும்பிவிடுங்கள். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சிறியவனுக்கு வயிறு முட்ட இட்லி கொடுத்து ஏற்ற வேண்டாம்.

கிளம்புவதற்கு முன் மகளிடம் பேசுங்கள். எத்தனை நாள் என்பதை அவளே முடிவுசெய்யட்டும். மூன்று நாள் என்றால் மூன்று நாள்தான், அங்கே போனபின் "இன்னும் ஒரு நாள் இருக்கலாமே" என்று நீங்கள் ஆரம்பிக்கக் கூடாது. ஒருநாள் இராச்சமையல் அவள் பொறுப்பு, விறகடுப்பில், என்ன சமைப்பது என்பதும் அவள் முடிவு. தோழி ஒருத்தியைக் கூட்டிவரலாமா என்று அநேகமாகக் கேட்பாள். சரி என்று சொல்லுங்கள், அந்தப் பெண்ணின் அம்மாவிடம் நீங்களே போனில் பேசிவிடுங்கள். அவளுக்கும் சேர்த்து ஒரு கம்பளி எடுத்துவையுங்கள். டிசம்பரில் அங்கே ஓட்டு வீட்டுக்குள்ளும் குளிர் நன்றாக இறங்கும்.