டிரக் கேம்பர் பழுதுகள்: கேட்டதும் சொன்னதும்

பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் ஏற்றி இறக்கும் கேம்பர், அதாவது தங்கிப் பயணிக்கும் சிறு வீடு பற்றி வந்த கேள்விகள் இவை. பின்னால் கட்டி இழுக்கும் வண்டிக்கும் பல பதில்கள் பொருந்தும்; எடைக் கணக்கு மட்டும் பொருந்தாது.

கேள்வி: மழை பெய்தால் படுக்கைக்கு மேலே மூலையில் சொட்டுகிறது. அதற்கு நேர் மேலே கூரையில் சிலிக்கான் அடித்தேன். நிற்கவில்லை சார்.

சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. கூரைத் தோலுக்குக் கீழே பிளைவுட்டும் மரச்சட்டமும் இருக்கின்றன. வென்ட் (கூரையில் உள்ள காற்றுத் திறப்பு) ஓரத்தில் இறங்கிய தண்ணீர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மீட்டர் தள்ளிக்கூட வெளியே வரும்.

முதலில் ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். சன்னல், வென்ட் எல்லாம் மூடி, சிங்க் துளைகளை அடைத்துவிடுங்கள். ஒரு சன்னலில் மட்டும் அட்டை வெட்டிப் பொருத்தி, மின்விசிறியால் உள்ளே காற்றைத் தள்ளுங்கள். வெளியே மூட்டுகள் மேல் பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்துப் பிரஷ்ஷால் தடவினால், ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை குமிழ் விடும். வென்ட் விளிம்பு, ஏணியின் கால்கள், கேபினுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கின் மூலைப்பட்டி, அங்குள்ள சிறு விளக்குகள் ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள்.

அடித்த சிலிக்கானை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும், ஏனென்றால் அதன் மேல் வேறு எந்தச் சீலண்டும் (இடைவெளியை அடைக்கும் பசை) ஒட்டாது. பிளாஸ்டிக் சுரண்டி, சிலிக்கான் ரிமூவர், கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்ற வரிசையில் போங்கள். கூரை ரப்பராக இருந்தால் பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீர்கள், ரப்பர் உப்பிவிடும்.

வென்ட்டைக் கழற்றி, விளிம்புக்கு அடியில் 3 மி.மீ. கனத்தில், 25 மி.மீ. அகலத்தில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) ஒட்டுங்கள். எதிரெதிர் மூலைகளாக ஸ்க்ரூக்களை முடுக்குங்கள். டேப் மெல்லப் பிதுங்கி அமரும், அதனால் மறுநாள் இன்னொரு முறை முடுக்கிவிட்டுப் பிதுங்கியதை வெட்டி எடுங்கள். பிறகுதான் மேலே தானாகப் பரவும் கூரைச் சீலண்ட். ஸ்க்ரூ தலைகளும் மூழ்க வேண்டும். இந்தச் சீலண்ட் சுவரில் வழிந்தோடிவிடும். அங்கே வழியாத ரகத்தை வாங்குங்கள்.

கேள்வி: அந்த மூலையில் பிளைவுட் மெத்தென்று அமுங்குகிறது. உள்ளே உளுத்துவிட்டதா?

கூரான ஊசியால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்க்கும், உளுத்தது வெண்ணெய் போல ஏற்றுக்கொள்ளும். ஈரப்பதமானி இருந்தால் 20 சதவீதத்துக்கு மேல் காட்டும் இடமெல்லாம் சந்தேகத்துக்குரியது. ஈரம் காயாமல் மூடினால் உள்ளே தொடர்ந்து அழுகும்.

கைப்பிடி அளவு சேதம் என்றால் எபாக்ஸி (ஊற்றியதும் இறுகும் பிசின்) ஊற்றி இறுக்கலாம். கேம்பரைத் தூக்கி நிறுத்தும் ஜாக்கின் பிராக்கெட் பிடித்திருக்கும் மூலைத் தூண் உளுத்திருந்தால் அந்த வேலை செல்லாது, ஜாக்கில் நிற்கும்போது கேம்பரின் எடை முழுவதும் அந்த நான்கு மூலைகளில்தான் தொங்குகிறது. உளுத்ததை வெட்டி, இருபுறமும் நல்ல மரத்தில் 30 செ.மீ. ஏறும்படி புதுச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பசையும் போல்ட்டும் போட்டு இணைக்க வேண்டும். வேலை முடியும்வரை கேம்பரின் அடித்தளம் உறுதியான மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கட்டும். ஜாக்கை நம்பி அடியில் போகாதீர்கள்.

கேள்வி: ஹீட்டரில் மின்விசிறி சுற்றுகிறது, தீ பற்றவில்லை. மாலையில் சரியாக இருக்கிறது, விடியற்காலையில்தான் மக்கர்.

கேஸைச் சந்தேகிக்குமுன் பேட்டரியைப் பாருங்கள். விசிறி போதிய வேகத்தில் சுற்றினால்தான் அதன் காற்று ஒரு சிறு தகட்டைத் தள்ளிச் சுவிட்சைப் போடும், அதற்குப் பிறகே கேஸ் வால்வு திறக்கும். இரவெல்லாம் ஓடிப் பேட்டரி இறங்கிவிட்டால் விசிறி சோம்பிப் போகும், தகடு எழாது.

விசிறி ஓடும்போது ஹீட்டரின் முனைகளிலேயே வோல்ட் அளந்து பாருங்கள். பேட்டரியில் 12.4, ஹீட்டரில் 11.2 என்று வந்தால் நடுவில் வயரோ எர்த் இணைப்போ தின்கிறது. ஹீட்டரிலும் 12 இருந்தும் பற்றவில்லை என்றால், தகட்டில் சேர்ந்த பஞ்சு, புகைபோக்கியில் குளவிக்கூடு, பொறிமுனை இடைவெளி என்று வரிசையாகப் போங்கள். கேஸ் வருகிறதா என்பதை அடுப்பைப் பற்றவைத்தாலே தெரியும்.

கேள்வி: பழைய லெட் ஆசிட் பேட்டரியை எடுத்துவிட்டு அதே இடத்தில் 100 ஆம்பியர்-அவர் லித்தியம் வைத்தால் போதுமா?

வைக்கலாம், ஆனால் மூன்று இடங்களில் உதைக்கும்.

முதலாவது, பழைய சார்ஜர். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்குச் சுமார் 14.2 முதல் 14.6 வோல்ட் வேண்டும். 13.6-ல் நின்றுவிடும் பழைய கன்வர்ட்டர் (கேம்பரின் சார்ஜர்) மெதுவாகத்தான் ஏற்றும், செல்களைச் சமன்செய்யவும் விடாது. இரண்டாவது, குளிர். செல்லின் வெப்பம் 0 டிகிரிக்குக் கீழ் இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். வெளிப்பெட்டியில் வைக்காமல் உள்ளே கொண்டுவாருங்கள்.

மூன்றாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள்: வண்டியின் ஆல்டர்னேட்டர், அதாவது எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் கருவி. லித்தியம் கிடைக்கிற கரண்ட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது குளிர்காற்று குறைவு, ஆல்டர்னேட்டர் வெந்துபோகும். நடுவில் டி.சி.-டி.சி. சார்ஜர் (இழுக்கும் கரண்ட்டை மட்டுப்படுத்தி ஏற்றுவது) கட்டாயம். 30 ஆம்பியர் சார்ஜர் வண்டிப் பக்கமிருந்து ஏறக்குறைய 36 ஆம்பியர் இழுக்கும். வண்டிப் பேட்டரியிலிருந்து கேம்பருக்கு 6 மீட்டர் என்றால் போக வர 12 மீட்டர் வயர். 4 சதுர மி.மீ. செம்பு வயரில் 1.9 வோல்ட் வழியிலேயே போய்விடும், 16 சதுர மி.மீ. வயரில் அரை வோல்ட்டுக்குள் நிற்கும். ஏற்கெனவே இருக்கும் டிரெய்லர் பிளக் வயரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

சார்ஜர் கேம்பர் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கழற்றி இறக்கும் வண்டி என்பதால் நடுவில் ஆண்டர்சன் ரக பிளக் (அதிகக் கரண்ட் தாங்கும், கழற்றி மாட்டும் பிளக்) போடுங்கள். 50 ஆம்பியர் ஃப்யூஸ் இரண்டு வேண்டும், ஒவ்வொரு பேட்டரியிலிருந்தும் ஒரு சாண் தூரத்துக்குள். ஒரு முனையில் மட்டும் போட்டால், வயர் நசுங்கும்போது மறுமுனைப் பேட்டரி எரிக்கும்.

கேள்வி: குழாய் எதுவும் திறக்காமலே ராத்திரியில் பம்ப் நொடிநேரம் ஓடி நிற்கிறது.

அழுத்தம் எங்கோ கசிகிறது. பம்புக்கு அடுத்த வால்வை மூடுங்கள். அப்போதும் ஓடினால் பம்புக்குள் இருக்கும் தடுப்பு வால்வில் தூசி. ஓட்டம் நின்றால் கழிப்பறை வால்வு, வெந்நீர்த் தொட்டியின் பாதுகாப்பு வால்வு, வெளி ஷவர் மூன்றையும் பாருங்கள். குழாய் காற்றோடு துப்பினால் உறிஞ்சும் பக்கத்து வடிகட்டியின் ஓ-ரிங் வறண்டிருக்கும்.

கேள்வி: 200 வாட் சோலார் இருக்கிறது. கேஸ் ஃப்ரிட்ஜை 12 வோல்ட்டிலேயே ஓட்டலாமா?

முடியாது. அந்த ரக ஃப்ரிட்ஜ் வெப்பத்தால்தான் குளிர்விக்கிறது; 12 வோல்ட்டில் அதைச் சூடாக்கும் கம்பி 10 முதல் 15 ஆம்பியர் இழுக்கும். நல்ல வெயில் நாளில் உங்கள் பேனல் தருவது சுமார் 60 ஆம்பியர்-அவர், நாலைந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நிற்கும்போது கேஸில் ஓட்டுங்கள், இல்லை கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜுக்கு மாறுங்கள். அம்மோனியா நெடியோ, பின்புறம் மஞ்சள் பொடியோ தெரிந்தால் உடனே அணைத்துவிட வேண்டும்.

கேள்வி: கேம்பர் 900 கிலோ, பிக்கப் தாங்குவது 1,100. சரிதானே?

அந்த 900 பெரும்பாலும் வெற்று எடை. 110 லிட்டர் தண்ணீர் என்றால் 110 கிலோ. இரண்டு சிலிண்டர் 35, சாமான் 100 சேர்த்தால், நீங்கள் ஏறும் முன்பே 1,145. எடைமேடையில் முன், பின் அச்சுகளைத் தனித்தனியே நிறுத்தி அளந்து பாருங்கள். ஏர்பேக் (பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றுப்பை) வண்டியின் பின்புறத்தைத் தூக்கி நிறுத்துமே தவிர, அச்சும் டயரும் தாங்கும் அளவு கூடாது. எடை மையம் பின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டும்.

கேள்வி: நான்கு மின் ஜாக்குகளில் ஒன்று மட்டும் அசையவில்லை.

அதன் பிளக்கைக் கழற்றிப் பக்கத்து ஜாக்கின் வயரில் செருகுங்கள். ஓடினால் கோளாறு வயரிலோ கன்ட்ரோலரிலோ. ஓடவில்லை என்றால் மோட்டாரில். மோட்டார் சுற்றி, கால் மட்டும் நகரவில்லை என்றால் உள்ளே இணைக்கும் முள் (பின்) ஒடிந்திருக்கும். பெரும்பாலான ஜாக்குகளில் கையால் திருப்பும் முனை உண்டு, அதில் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் மற்ற மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, அதற்கு ஈடாகவே நகர்த்துங்கள். ஒரு மூலை முந்தினால் சட்டம் முறுகி, முதல் கேள்வியில் பார்த்த மூலைப்பட்டிதான் முதலில் வாய் பிளக்கும்.