பம்பு மேனுவலும் நாவலும்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 42. கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெக்னிக்கல் ரைட்டர், அதாவது பயன்படுத்தும் முறையை விளக்கிக் குறிப்புகள் எழுதும் வேலை. அதற்கு முன் பம்பு கம்பெனியில் சர்வீஸ் மேனுவல் எழுதினேன். அதற்கும் முன் டாக்டர்களின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன், கொஞ்ச காலம் டுட்டோரியலில் இயற்பியல் பாடம். நாவல் எழுதுவது கல்லூரிக்கால ஆசை. உட்கார்ந்தால் ‘படி 1, படி 2’ என்றுதான் கை போகிறது. இந்த வேலைகள் என் மொழியைக் கெடுத்துவிட்டனவா? வேலையை விட்டால்தான் எழுத வருமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

வேலையை விடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் சாண்டர்ஸ் புவி இயற்பியல் படித்த பொறியாளர். சுமத்ராவில் எண்ணெய் தேடும் குழுவில் இருந்தார். ஊர் திரும்பிக் கூரை வேலை, இறைச்சிக்கூட வேலை என்று எதையெதையோ பார்த்தார். 1989 முதல் 1996 வரை ராச்செஸ்டர் நகரில் ஒரு சுற்றுச்சூழல் பொறியியல் நிறுவனத்தில் டெக்னிக்கல் ரைட்டர். மெக்சிகோவில் நடந்த ஒரு கல்யாணத்தை வைத்துப் பெரிய நாவல் ஒன்றை எழுதி மனைவியிடம் கொடுத்தார். அவருக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் ஒருநாள், அலுவலகத் தொலைபேசிக் கூட்டத்தில் குறிப்பெடுக்க வேண்டியவர் விளையாட்டுப் பாட்டுகளாகக் கிறுக்கிக்கொண்டிருந்தார். அதைப் படித்து மனைவி சிரித்தார். அங்கேதான் சாண்டர்ஸுக்கு வழி திறந்தது. அலுவலகத்தில் புழங்கும் பேச்சு, வேலை போய்விடுமோ என்று பயப்படும் சம்பளக்காரர்கள், இவற்றை வைத்து எழுதிய கதைகள் 1996இல் முதல் தொகுப்பாக வந்தன. முதல் நாவல் 2017இல், 58 வயதில். அதே ஆண்டு மான் புக்கர் பரிசு.

உங்கள் பம்பு மேனுவலையே எடுங்கள். தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டக் கூடாது என்று ஓர் எச்சரிக்கை இருக்குமே, யாரோ ஓட்டியதால்தான் அது அங்கே வந்திருக்கிறது. மோட்டார் ஓட வேண்டிய த்ரீ ஃபேஸ் கரண்ட் ராத்திரியில் வருகிற ஊர். ஒரு விவசாயி மோட்டாரைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டது. காலையில் பார்த்தால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள், வைண்டிங், கருகிவிட்டது. ரீவைண்டிங் கூலிக்கு அவர் யாரிடம் கைமாற்று கேட்டார், வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்பதற்கெல்லாம் மேனுவலில் இடம் கிடையாது. நாவலுக்கு அதுதான் வேண்டும்.

இலக்கிய நடை என்று நீங்கள் மனதில் வைத்திருப்பதைக் கொஞ்ச காலம் மறந்துவிடுங்கள். ‘படி 1, படி 2’ என்று வந்தால் வரட்டும். போர்வெல்லிலிருந்து குழாய் குழாயாகக் கழற்றி மோட்டாரை மேலே எடுப்பதை முதல் அத்தியாயமாக அப்படியே எழுதுங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் சீக்கிரமே பேச ஆரம்பித்துவிடுவார்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், கட்டாயம் படிக்கிறேன்.