57 வயதில் முதல் மராத்தான்: ஏழு மாதம் போதுமா?

கேள்வி: மதுரையில் இருக்கிறேன், வயது 57. பல வருடமாகத் தினமும் காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு மணி நேரம் நடக்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால் மாத்திரை போடுகிறேன், சர்க்கரை இல்லை. ஜனவரியில் சென்னையில் நடக்கும் மராத்தானில் 42 கிலோமீட்டர் ஓடிவிட வேண்டும் என்று ஆசை. இப்போது ஜூன். ஏழு மாதம் போதுமா? மூட்டு தேய்ந்துவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: தாராளமாக ஓடலாம். ஆனால் வரும் ஜனவரியில் 21 கிலோமீட்டர் அரை மராத்தானுக்குப் பெயர் கொடுங்கள். முழு 42.195 கிலோமீட்டரை அதற்கடுத்த ஜனவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மாதத்தில் முழு மராத்தானை முடித்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. உங்கள் வயதில், ஓடியே பழக்கமில்லாத கால்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

இத்தனை வருட நடை உங்கள் இதயத்தையும் நுரையீரலையும் ஓரளவு தயார் செய்து வைத்திருக்கும். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. ஓட ஆரம்பித்து ஒன்றிரண்டு மாதத்தில் மூச்சிரைப்பு குறைந்துவிடும். இன்னும் இரண்டு சுற்று போகலாம் என்று தோன்றும். குதிகால் தசைநாணும் கால் எலும்பும் அந்த வேகத்தில் வலுப்படாது. அவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும், ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக. இந்த வயதில் ஓட வந்து பாதியில் விட்டவர்களில் மூச்சு முட்டி நின்றவர்களைவிட, கெண்டைக்காலையும் குதிகாலையும் பிடித்துக்கொண்டு நின்றவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் இதய மருத்துவரைப் பாருங்கள். "மராத்தானுக்குப் பயிற்சி எடுக்கப்போகிறேன்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் பரிசோதனை ஆகியவற்றில் எவை தேவை என்று அவர் முடிவு செய்வார். அட்டெனோலால் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை. நாடித்துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். அதனால் நாடித்துடிப்பு அதிகபட்சம் எவ்வளவு போகலாம் என்பதற்குச் சொல்லும் '220-லிருந்து வயதைக் கழி' என்ற கணக்கும், கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பு மண்டலங்களும் உங்களுக்குப் பொருந்தாது. மாத்திரை ஓட்டத்துக்கு இடைஞ்சல் என்று நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்துவது ஆபத்து. மாற்று மருந்து உண்டா என்று அவரிடமே கேளுங்கள். கடிகாரத்துக்குப் பதில் வாயை நம்புங்கள். பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் உங்கள் வேகம்.

அந்த வேகம் அவமானமாகத் தோன்றலாம். கனடாவின் எட் விட்லாக் 2004-ல், 73 வயதில், டொரான்டோ மராத்தானை 2 மணி 54 நிமிடம் 48 விநாடியில் முடித்தார். அவருடைய பயிற்சியில் பெரும்பகுதி, வீட்டுக்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தை மணிக்கணக்கில் மெதுவாகச் சுற்றி வந்ததுதான். இளமையிலேயே ஓடிப் பழகியவர் என்பதால் அவருடைய நேரத்தை நாம் இலக்காக வைக்க முடியாது. மெதுவாகச் சுற்றுவதை எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்குத் தெப்பக்குளம் இருக்கிறது, ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒன்று மட்டும்: கோயில் குளம் என்று எப்போதும் வலமாகவே சுற்றாதீர்கள். ஒரே பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தால் ஒரு காலுக்குச் சுமை கூடும். ஒரு நாள் வலம், ஒரு நாள் இடம். தெய்வக் குற்றம் ஒன்றும் ஆகாது.

வாரம் மூன்று நாள் ஓட்டம் போதும், அடுத்தடுத்த நாள் வேண்டாம். ஒரு நிமிட மெல்லோட்டம், இரண்டு நிமிட நடை என்று அரை மணி நேரத்தில் தொடங்கி, ஓட்டத்தை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீண்ட தூரம். மூன்று வாரம் ஒவ்வொரு கிலோமீட்டராகக் கூட்டினால் நான்காவது வாரம் கட்டாயம் குறைக்க வேண்டும். டிசம்பர் நடுவில் 17, 18 கிலோமீட்டர் வந்தால் அரை மராத்தானுக்குப் போதும். பிறகு மதுரை வெயில் தணியும் வரை 10, 12 கிலோமீட்டரில் நின்று, அடுத்த ஜூனிலிருந்து மறுபடி ஏறலாம். முழு மராத்தானுக்கு முன் 30 கிலோமீட்டரை இரண்டு மூன்று முறை தொட்டால் சரி. கடைசியாகத் தொடுவது பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பே முடிந்துவிட வேண்டும். பந்தயத்தன்றும் நடுநடுவே நடக்கலாம், அதைக் கேவலமாக நினைக்காதீர்கள். நேர வரம்பை மட்டும் பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானவர்கள் தட்டிக்கழிப்பது தசைப் பயிற்சியை. வாரம் இரண்டு நாள், இருபது நிமிடம். மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி, கைப்பிடியைப் பிடித்தபடி இரண்டு காலாலும் எழும்புங்கள். இறங்கும்போது ஒரே காலால், மூன்று எண்ணும் வரை மெதுவாக, குதிகால் படிமட்டத்துக்குக் கீழே போகும்வரை இறங்குங்கள். காலுக்குப் பதினைந்து முறை. அப்புறம் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது. ஐம்பதுக்கு மேல் தசை தானாகக் கரைந்துகொண்டிருக்கும், இட்லி சட்னியை வைத்துக்கொண்டு அதை ஈடுகட்ட முடியாது. முட்டை, சுண்டல், பருப்பு, மீன் என்று ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும்.

மூட்டுக்கு வருவோம். இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வந்த கட்டுரை ஒன்றில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும் தேய்மானம் இருந்தது. போட்டிக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களிடம் 13.3 சதவீதம். மூட்டு நன்றாக இருப்பவர்கள்தானே ஓடவே வருவார்கள் என்று கேட்டால் அதுவும் நியாயம்தான். ஆனாலும் மிதமாக ஓடுவது மூட்டை அரித்துவிடும் என்ற பயத்துக்கு இதில் ஆதாரமில்லை. ஏற்கெனவே முழங்கால் வீங்குகிறது, படி இறங்கும்போது பிடித்துக்கொள்கிறது என்றால் கதை வேறு. எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் ஓட வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் நம்மவர்கள் எதிர்ப்பக்கம் தவறுகிறார்கள். வியர்க்கிறதே என்று பந்தய வழியில் தண்ணீர் வைத்திருக்கும் ஒவ்வொரு மேசையிலும் நின்று குடித்தால் ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பு, நீர்த்துக் குறையும். 2002 பாஸ்டன் மராத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பார்த்தபோது 13 சதவீதம் பேருக்கு அப்படிக் குறைந்திருந்தது. மெதுவாக, நீண்ட நேரம் ஓடுகிறவர்களுக்குத்தான், அதாவது நம்மைப் போன்றவர்களுக்குத்தான், இந்த ஆபத்து அதிகம். நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். எடை கூடியிருந்தால் அதிகம் குடித்திருக்கிறீர்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாளில் மணிக்கு ஒரு வாழைப்பழமாவது உள்ளே போகட்டும், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் நல்லது. எதையும் பந்தயத்தன்று முதல் முறையாகச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம்.

ஓட்டத்துக்கு முன் வலி மாத்திரை போடும் பழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் இரண்டும் உடலில் நீர் வற்றிய நிலையில் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதைப் போட்டால்தான் ஓட முடியும் என்ற நிலை வந்தால் அன்று ஓட்டமே வேண்டாம். நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடை வலி, தலைசுற்றல் என்றால் அந்த இடத்திலேயே நின்று உதவி கேளுங்கள். பந்தயத்தில் தரும் எண் அட்டையின் பின்புறம் ரத்த வகை, அட்டெனோலால், வீட்டு அலைபேசி எண் மூன்றையும் அழியாத மையில் எழுதிவிடுங்கள்.