ஒன்றரை வருடக் குதிகால் வலி: ஊசி போடலாமா, ஆபரேஷன் செய்யலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. பாலக்கோட்டில் தக்காளி மண்டி பக்கம் டிபன் கடை வைத்திருக்கிறேன். ஒன்றரை வருடமாக வலது குதிகாலில் வலி. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் ஆணியை மிதித்த மாதிரி இருக்கும், பத்து அடி நடந்தால் கொஞ்சம் விடும், கடை முடித்து உட்கார்ந்து எழுந்தால் மறுபடி அதே கதை. எக்ஸ்ரேயில் எலும்பு முள் மாதிரி வளர்ந்திருக்கிறது என்றார்கள். ஒரு டாக்டர் குதிகாலில் ஊசி போட்டார், ஒரு மாதம் நன்றாக இருந்தது, திரும்பவும் வந்துவிட்டது. இன்னொருவர் நம் ரத்தத்தையே எடுத்துப் போடும் ஊசி நல்லது என்கிறார். மூன்றாமவர் எலும்பைச் சீவி எடுத்துவிடலாம் என்கிறார். ஓசூரில் வேலை பார்க்கும் மகன் ஆபரேஷனுக்குப் பணம் தயார் செய்துவிட்டான். சுகர் 6 வருடமாக இருக்கிறது, போன முறை பார்த்த மூன்று மாத சராசரி 8.6. வலி தாங்காத நாளில் மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிப் போடுவேன். பக்கத்து வீட்டுக்காரர் இது போர் தண்ணீர் செய்யும் வேலை என்கிறார். நான் என்ன செய்யட்டும் டாக்டர்?

பதில்: அம்மா, அந்தப் பணத்தை இப்போதைக்கு பேங்கிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள் உங்கள் மகனிடம். காலைத் தொட்டுப் பார்க்காமல்தான் எழுதுகிறேன், ஆனாலும் நீங்கள் சொல்லியிருப்பதைப் படித்தால் எலும்பைச் சீவும் கட்டம் இன்னும் வரவில்லை, வராமலே போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி விரல்கள் வரைக்கும் உள்ளங்காலில் விசிறி போல விரிந்து போகிற கெட்டியான நார்ப்பட்டை ஒன்று இருக்கிறது. பாதத்தின் வளைவு வில் என்றால் இதுதான் நாண். ராத்திரி தூங்கும்போது பாதம் கீழ்ப்பக்கமாகத் தொங்கிக் கிடக்கும், நாண் சுருங்கியே இருக்கும், நீங்கள் நாலு மணிக்கு எழுந்து முழு உடம்பு எடையையும் தூக்கி அதன் மேல் வைத்தால் அது சுரீர் என்று இழுக்காமல் என்ன செய்யும்? முதல் அடியில் உயிர் போகிற வலி, நடந்தால் குறைவு, உட்கார்ந்து எழுந்தால் மறுபடி என்று நீங்கள் எழுதிய அந்த மூன்று வரியே எங்களுக்குப் பாதி நோயறிதல். இதற்குப் பெயர் பிளான்டார் ஃபேசியைட்டிஸ். 'ஐட்டிஸ்' என்றால் அழற்சி. பெயரில் அப்படி இருந்தாலும், உங்களுடையதைப் போல நாள்பட்ட வலியில் அழற்சி கொஞ்சம்தான், அந்தப் பட்டை நைந்து தடித்துப் போயிருப்பதுதான் அதிகம். வலி மாத்திரை போட்டால் அன்றைக்கு மட்டும் கேட்பதற்கும் மறுநாள் பழைய கதையே திரும்புவதற்கும் அதுவே காரணம்.

அப்புறம் அந்த எலும்பு முள். எக்ஸ்ரே ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி "பாருங்கம்மா, முள்" என்று சொன்னால் யாருக்குத்தான் பயம் வராது? ஆனால் குதிகால் வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு எக்ஸ்ரே எடுத்தால் அதே முள் தெரியும், வலியால் துடிக்கிற பலருக்கு முள்ளே இருக்காது. அது தரையைப் பார்த்துக் குத்திக்கொண்டு நிற்பதும் இல்லை, விரல் பக்கமாகப் படுத்த வாக்கில்தான் வளர்கிறது. அதைச் சீவினால் வலி போய்விடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

பக்கத்து வீட்டுக்காரரை நான் தள்ளிவிட மாட்டேன். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கொண்டு வந்ததே அதற்காகத்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள தண்ணீரைப் பல வருடம் குடித்தால் பல்லோடு போகாது, எலும்பும் தசைநாரும் இறுகும், சிலருக்குக் குதிகாலிலும் எலும்பு முளைக்கும். ஆனால் அது ஒரு காலில், அதுவும் முதல் அடியில் மட்டும் வந்து நிற்கிற வலி இல்லை. கழுத்தைத் திருப்ப முடியாது, குனிந்தால் முதுகு மரக்கட்டை மாதிரி இருக்கும், குத்தவைத்து உட்கார முடியாது. இவையும் உங்களுக்கு இருந்தால் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டாலும் குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையே பிடித்து வையுங்கள், போர் தண்ணீர் பாத்திரம் கழுவுவதற்கு இருக்கட்டும். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், காய்ச்சினால் தண்ணீர்தான் சுண்டும், ஃபுளோரைடு அப்படியே இருக்கும்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை உங்கள் சுகர். மூன்று மாத சராசரி 8.6 இருக்கும்போது கால் நரம்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம், அது வேறு வலி: இரண்டு காலிலும் ராத்திரியில் எரிச்சல், எறும்பு ஊர்கிற மாதிரி, பஞ்சின் மேல் நடக்கிற மாதிரி. நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் வைத்து அழுத்தி, தெரிகிறதா என்று கேட்கும் சோதனை இரண்டு நிமிட வேலை, யாரும் செய்யவில்லை என்றால் நீங்களே கேட்டுச் செய்துகொள்ளுங்கள். சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை பல வருடமாகப் போடுகிறீர்கள் என்றால் பி12 வைட்டமின் அளவையும் ஒருமுறை பார்க்கலாம், அது குறைந்தாலும் கால் எரியும். வேறு சில அடையாளங்களும் உண்டு. குதிகாலின் இரண்டு பக்கத்தையும் பிடித்து அமுக்கினால் அலறுகிற வலி என்றால் எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம். படுத்திருக்கும்போதும் விடாத வலி, வீக்கம், காய்ச்சல், புண் என்றால் இந்தப் பதிலை மூடி வைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். மூன்று டாக்டர் மூன்று விதமாகச் சொன்னார்கள் என்கிறீர்கள். நீங்கள் எந்தத் தரையில் எத்தனை மணி நேரம், காலில் எதைப் போட்டுக்கொண்டு நிற்கிறீர்கள் என்று அவர்களில் யாராவது கேட்டார்களா? உங்கள் கேள்வியில் அந்தத் தகவல் இல்லை, ஆனால் டிபன் கடை என்றாலே எனக்குக் கண்ணில் தெரிகிறது: சிமெண்ட் தரை, அடுப்புக்கு முன்னால் வெறும் காலோடு, மண்டிக்கு லோடு வருவதற்கு முன்னாலேயே தொடங்கி மதியம் வரைக்கும். இதை அப்படியே வைத்துக்கொண்டு தங்க ஊசி போட்டாலும் ஒரு மாதம்தான். சமையல் செய்கிற இடத்தில் செருப்பு போடுவது நமக்குப் பழக்கம் இல்லை, எனக்குத் தெரியும். அதனால் கடைக்கு உள்ளே மட்டும் போட என்று ஒரு ஜோடி தனியாக வாங்கி, கழுவி அங்கேயே வையுங்கள். சுகர்காரர்களுக்குக் கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பு, பின்பட்டை வைத்தது, குதிகால் பக்கம் கொஞ்சம் உயரம் இருந்தால் இன்னும் நல்லது. சுகர் இருக்கிறவர் வெறும் காலோடு நிற்கவே கூடாது என்பதால் இது இரண்டு வேலையும் பார்க்கும். தோசைக்கல் முன்னால் தடித்த ரப்பர் மேட் ஒன்று போடுங்கள். காய் நறுக்குவது, சட்னி அரைப்பது, கல்லாவில் இருப்பது எல்லாம் உட்கார்ந்தே ஆகட்டும், அதற்கு உயரமான ஸ்டூல் ஒன்று போதும்.

அடுத்தது பயிற்சி. இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் வாடிவிடும், ஊசி கேட்டால் காலை நீட்டச் சொல்கிறாரே என்று. எனக்கே இந்த வலி வந்து ஏழு மாதம் படுத்தியது, நோயாளிகளுக்கு நான் எழுதிக் கொடுக்கும் அதே பயிற்சியை மூன்றாவது வாரத்தில் நானே விட்டுவிட்டு, பிறகு வெட்கப்பட்டுத் திரும்பத் தொடங்கினேன். அதனால் இரண்டே இரண்டு சொல்கிறேன். ஒன்று, காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே. வலது காலைத் தூக்கி இடது தொடை மேல் போட்டு, கால் விரல்கள் ஐந்தையும் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக வளையுங்கள். உள்ளங்காலை மறு கை விரலால் தடவினால் அந்தப் பட்டை கொடிக்கயிறு மாதிரி விறைத்து நிற்பது தெரியும், தெரிந்தால்தான் சரியாகச் செய்கிறீர்கள். 10 எண்ணும் வரை பிடித்து விடுங்கள், பத்துத் தடவை. இதையே பகலில் உட்கார்ந்து எழும்புவதற்கு முன் இரண்டு வேளை. இறுகிய கெண்டைச்சதையும் இந்தப் பட்டையை இழுக்கும் என்பதால் சுவரில் கை ஊன்றி, வலது காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாமல் 30 எண்ணுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஒரு வாரம் கழித்து. வாசல்படியில் பாதத்தின் முன்பகுதியை மட்டும் வைத்து, விரல்களுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை 3 எண்ணி மேலே தூக்கி, 2 எண்ணி நிறுத்தி, 3 எண்ணி இறக்க வேண்டும். முதலில் இரண்டு காலாலும், பழகிய பிறகு வலது காலால் மட்டும், 12 தடவை வீதம் மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். டென்மார்க்கில் 48 பேரை வைத்துச் செய்து 2014-ல் வெளியான ஆய்வில், மூன்றாவது மாதத்தில் வெறும் நீட்டல் செய்தவர்களைவிட இதைச் செய்தவர்களுக்கு வலி நன்றாகவே குறைந்திருந்தது, ஒரு வருடத்தில் இரண்டு கூட்டமும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. ஆக, சீக்கிரம் குறைய இது உதவும். செய்யும்போது கொஞ்சம் வலிக்கும், மறுநாள் காலை வலி கூடாத வரைக்கும் பயப்பட வேண்டாம்.

எவ்வளவு நாள் என்று கேட்பீர்கள். முறையாகச் செய்தால் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆபரேஷன் இல்லாமலே ஒரு வருடத்துக்குள் தேறிவிடுகிறார்கள். உங்களுக்கு ஒன்றரை வருடம் ஓடிவிட்டதே என்றால், அந்த ஒன்றரை வருடத்தில் பட்டைக்கு ஓய்வும் இல்லை, பயிற்சியும் இல்லை, ஊசியும் மாத்திரையும்தான். கணக்கை இன்றிலிருந்து மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போட்டது ஸ்டீராய்டு ஊசியாகத்தான் இருக்க வேண்டும். உங்களுக்கு ஒரு மாதம் கேட்டது என்றீர்களே, ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2017 காக்ரேன் அறிக்கையும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது, ஒரு மாதம் வரை ஓரளவு பலன், அதற்கு மேல் இல்லை. அந்த ஒரு மாதத்தில் பயிற்சியைத் தொடங்கியிருந்தால் ஊசி வீணாகியிருக்காது. ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகலாம், குதிகாலுக்கு மெத்தை மாதிரி இருக்கும் கொழுப்பு கரையலாம், கரைந்த மெத்தை திரும்ப வளராது. போட்ட பிறகு சில நாள் சுகரும் எகிறும். உங்கள் 8.6 இறங்குவதற்கு முன் அடுத்த ஊசி வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ரத்தத்தை எடுத்துச் சுழற்றிப் போடும் பி.ஆர்.பி. ஊசி ஏமாற்று இல்லை. ஆனால் மெதுவாகத்தான் கேட்கும், ஆய்வுகள் ஒரே மாதிரி சொல்லவில்லை, செலவும் அதிகம். மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகும் வலி அசையவில்லை என்றால் அதையோ, ஷாக்வேவ் சிகிச்சையையோ யோசிக்கலாம். ஷாக்வேவ் என்றால் கரண்ட் வைப்பது என்று பயப்படாதீர்கள், வெளியிலிருந்து தட்டுகிற அதிர்வலை, வாரம் ஒன்று வீதம் பெரும்பாலும் மூன்று முறை, வைக்கும்போது வலிக்கும். சுகரை ஏற்றாது என்பதால் உங்களுக்கு நான் இதைத்தான் முதலில் வைப்பேன். ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் கடைசி. அதிலும் முக்கியமாகச் செய்வது அந்தப் பட்டையில் ஒரு பகுதியை வெட்டித் தளர்த்துவதுதான். பாத வளைவு தாழ்ந்துபோகும் வாய்ப்பு, சுகரால் புண் ஆறாத வாய்ப்பு, வாரக்கணக்கில் கடையை மூட வேண்டிய நிலைமை எல்லாம் அதோடு சேர்ந்து வரும்.

செட் மாத்திரையை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள், இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. பேர் தெரியாத நாலு மாத்திரையைப் பேப்பரில் மடித்துத் தருகிறார்களே, அதில் பல சமயம் ஸ்டீராய்டும் இருக்கும், வலி மாத்திரையும் இருக்கும். ஒன்று சுகரை ஏற்றும், இன்னொன்று கிட்னியையும் வயிற்றையும் கெடுக்கும். அதைத் தினமும் போட்டுக்கொண்டிருந்தவர் என்றால் திடீரென நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லிக் குறைக்க வேண்டும், நீங்கள் எப்போதாவது என்பதால் சொல்கிறேன். கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

செங்கல்லைச் சுட்டு எருக்கன் இலை போட்டு மிதிக்கச் சொல்லி யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள், சொல்லாவிட்டால் இனிமேல் சொல்வார்கள். சூடு இதமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் சுகரால் மரத்த காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். உங்களுக்கு வேண்டாம்.

பிசியோதெரபிக்குத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம், இரண்டு பயிற்சியையும் அவர்கள் முன்னால் ஒருமுறை செய்து காட்டித் திருத்திக்கொண்டால் போதும், தினமும் பஸ் ஏற வேண்டியதில்லை. சுகர் மாத்திரைக்கு அலைய நேரம் இல்லை என்றால் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிந்துகொள்ளுங்கள், 2021-ல் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் அதைத் தொடங்கினார்கள், வீட்டுக்கே வந்து தருவார்கள். அடுத்த முறை எந்த டாக்டரிடம் போனாலும் எக்ஸ்ரேயோடு, கடையில் போடும் செருப்பையும், மிச்சம் இருக்கும் செட் மாத்திரைப் பொட்டலத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.