பி.காம். படிக்கும் மகளுக்கு இனி வேலை கிடைக்குமா? ஈரோட்டுத் தந்தை ஒருவருக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

ஜவுளிக்கடையில் மேற்பார்வையாளராக இருக்கிறீர்கள், மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு. பில்லை போட்டோ எடுத்துப் போட்டால் ஏஐயே கணக்கு எழுதிவிடுகிறது, இனி இந்தப் படிப்புக்கு மதிப்பில்லை என்று உறவினர் ஒருவர் சொல்லியிருக்கிறார். படிப்பை நிறுத்திவிட்டு, ஒன்றரை லட்சம் கட்டி ஆறு மாத டேட்டா சயின்ஸ் கோர்ஸில் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள்.

படிப்பை நிறுத்த வேண்டாம். பணத்தையும் இப்போதைக்குக் கட்ட வேண்டாம்.

உறவினர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஆடிட்டர் ஆபீஸில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதலில் கொடுப்பது பில் என்ட்ரிதான். கொள்முதல் பில், பேங்க் ஸ்டேட்மென்ட், செலவுச் சீட்டு எல்லாவற்றையும் டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்ற வேண்டும். அதைச் செய்துகொண்டே தொழில் கைவசமாகும். அந்த வேலைதான் இப்போது மென்பொருளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஆக, ஏறுவதற்கு இருந்த முதல் படி குறுகுகிறது. உங்கள் மகளின் தலைமுறைக்கு உண்மையான சிக்கல் அதுதான்.

மீதிப் பாதியை உங்கள் கடையிலேயே பார்த்திருப்பீர்கள். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. 1,800 ரூபாய் சட்டைக்கு 12 சதவீதம் போட்டுக்கொண்டிருந்தோம், அது 5 ஆனது. 3,000 ரூபாய் சட்டைக்கு 12 என்றிருந்தது 18 ஆனது, ஏனென்றால் ரெடிமேடுக்கு எல்லைக்கோடு 1,000 ரூபாயிலிருந்து 2,500க்கு நகர்ந்தது. அதே 3,000 ரூபாய்க்குச் சேலை என்றால்? தைக்காத துணி, விலை எதுவானாலும் 5தான். இந்த மூன்றையும் மகளை ஏதாவது ஒரு ஏஐயிடம் கேட்கச் சொல்லுங்கள். சரியாகச் சொல்லலாம், பழைய விகிதத்தையே அடித்துச் சொல்லவும் செய்யலாம். எப்படிச் சொன்னாலும் குரலில் தயக்கமே இருக்காது. அரசு அறிவிக்கையை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால் அபராதம் கட்டுவது கடை முதலாளிதான்.

இன்னொன்று. முதலாளி வீட்டுக் காருக்குக் கட்டிய இன்சூரன்ஸ் பில் கடைப் பெயரில் வருகிறது என்று வையுங்கள். பில்லில் ஜிஎஸ்டி இருக்கிறது, எண் சரி, தொகை சரி. மென்பொருள் அதை உள்ளீட்டு வரி வரவில், அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் கணக்கில், சேர்த்துவிடலாம். ஆனால் சொந்த உபயோகக் காருக்கு அந்த வரவை எடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. அது யாருடைய கார் என்பது பில்லில் எழுதியிருக்காது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஆள் வேண்டும்.

அப்புறம் ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதிக்கு மேல் கணக்கு எழுதும் இடங்களில் போன் ஓயாது. மாதாமாதம் கணக்குக் கொடுக்கும் வியாபாரிகள் 11ஆம் தேதிக்குள் விற்பனையை ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றுகிறார்கள். 14ஆம் தேதி 2பி பட்டியல், அதாவது நமக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல், வருகிறது. நாம் வாங்கிய பில் அதில் இல்லையென்றால் அந்த மாதம் அந்த வரியை வரவு வைக்க முடியாது, கைப்பணம் போகும். 20ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத வரிக் கணக்கைப் போட்டாக வேண்டும். எந்த பில் விடுபட்டது என்று கண்டுபிடிக்க மென்பொருளுக்கு ஒரு நிமிடம் போதும். "அண்ணே, நம்ம ஜூலை பில்லு ரெண்டு இன்னும் ஏறலையே, பார்த்துச் சொல்றீங்களா" என்று சூரத்துக்கோ திருப்பூருக்கோ போன் போட்டு, முகம் சுளிக்காமல், பேமென்டை நிறுத்துவோம் என்பதையும் நாசூக்காகச் சொல்லி வேலை வாங்குவது வேறு திறமை. மகள் புது ஆட்களிடம் போனில் பேசவே தயங்குவாள் என்று கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கோர்ஸை விட எனக்கு அந்த வரிதான் பெரிதாகப் பட்டது. அதைச் சரிசெய்யக் காசு வேண்டாம்.

இந்தத் தொழிலுக்கு மாற்றம் புதிதல்ல. தமிழ்நாட்டில் 2007 ஜனவரியில் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2017 ஜூலை 1 அன்று அது போய் ஜிஎஸ்டி வந்தது. 2023 ஆகஸ்டிலிருந்து 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு, பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸ் கட்டாயமானது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டம், மனப்பாடமாக வைத்திருந்த பிரிவு எண்களெல்லாம் மாறிப்போயின. கட்டங்களை எப்படி நிரப்புவது என்று மட்டும் கற்றவர்கள் ஒவ்வொரு முறையும் திணறினார்கள். ஒரு பதிவு ஏன் பற்றில் போகிறது, ஏன் வரவில் போகிறது என்று புரிந்தவர்கள் சில மாதத்தில் சமாளித்துக்கொண்டார்கள். பி.காம். பாடத்தில் மகளுக்கு அலுப்பாக இருக்கும் பகுதியே அந்தப் புரிதலைத் தருவதுதான்.

மார்க் சாவிக்கஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் வேலைக்கேற்ப மாறிக்கொள்ளும் திறனைப் பற்றி 1997இல் எழுதினார். பிற்பாடு, வருங்காலத்தைப் பற்றிய அக்கறை, முடிவு என் கையில் என்ற பிடிப்பு, தேடிப் பார்க்கும் ஆர்வம், என்னால் முடியும் என்ற நம்பிக்கை ஆகிய நான்கையும் அதன் கூறுகளாக வைத்தார். நம் வீடுகளில் தகராறு இரண்டாவதில்தான். உங்கள் கடிதத்தில் உறவினர் கருத்து இருக்கிறது, கோர்ஸ் நடத்துபவர் சொன்னது இருக்கிறது. மகள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், பயத்தில் எல்லாப் பெற்றோரும் செய்வதுதான். ஆனால் இன்று அப்பா சொன்னார் என்று ஒரு கோர்ஸில் சேருபவள், நாளைக்கு வேலை மாறும்போதும் யாராவது சொல்லட்டும் என்று காத்திருப்பாள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த விடுமுறையில் தெரிந்த ஆடிட்டர் ஆபீஸில், சம்பளம் கேட்காமல்கூட, அவளைச் சேர்த்துவிடுங்கள். சொந்த ஊர் ஆபீஸாக இருந்தால் போதும், சென்னை வேண்டாம். முதல் சில வாரம் கையால் என்ட்ரி போடட்டும். பிறகு ஏஐ போட்ட என்ட்ரியைச் சரிபார்க்கட்டும். அது எங்கே தப்புவிட்டது, ஏன் விட்டது என்று ஒரு நோட்டில் எழுதி வரட்டும். நாளை இன்டர்வியூவில் அந்த நோட்டைக் காட்டினால் சான்றிதழை விட எடுபடும். ஒரு எச்சரிக்கை: வாடிக்கையாளரின் பான் எண், பேங்க் ஸ்டேட்மென்ட் போன்றவற்றை இலவச ஏஐ செயலிகளில் போடவே கூடாது. ஆபீஸில் எதை அனுமதிக்கிறார்கள் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளட்டும்.

எக்செலை நன்றாகக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். டேட்டா பக்கம் உண்மையிலேயே ஆர்வம் இருந்தால், மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் பாடங்களை இலவசமாகவே படித்துப் பார்க்கலாம். கல்லூரியில் நான் முதல்வன் திட்டத்தில் என்ன பயிற்சி இருக்கிறது என்றும் விசாரியுங்கள். அதில் ஒன்றை முழுதாக முடித்து, இன்னும் வேண்டும் என்று அவளே கேட்டால் கட்டணக் கோர்ஸைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும், போன பேட்ச்சில் பி.காம். பிள்ளைகள் எத்தனை பேர், எந்த கம்பெனியில், என்ன சம்பளத்துக்குச் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். "நூறு சதவீத வேலை" என்பதை எழுதித் தருவார்களா என்றும் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சிஏ பற்றிக் கேட்டிருந்தீர்கள். பி.காம். 55 சதவீதத்தோடு முடித்தால் முதல்நிலைத் தேர்வான ஃபவுண்டேஷனை எழுதாமல் நேராக அடுத்த நிலையான இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம். ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் ஆர்ட்டிகிள்ஷிப்பும் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. ஆனால் கடினமான தேர்வு, பலமுறை எழுதுபவர்கள்தான் அதிகம். மனசில்லாத பிள்ளையைத் தள்ளிவிட்டால் நான்கைந்து வருடம் வீட்டில் நிம்மதி இருக்காது. அவள் வேண்டாம் என்றால், வியாபாரிகளுக்காக ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்துதரும் ஜிஎஸ்டி பிராக்டிஷனர் வழி இருக்கிறது. பி.காம். பட்டம் அதற்குத் தகுதி, தனியாக ஒரு தேர்வு எழுத வேண்டும். ஈரோடு மார்க்கெட்டில் அதற்கு ஆள் தேடும் கடைகள் எவை என்று என்னை விட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.