மொடக்குறிச்சி: ஒரு தொகுதியின் வாக்குக் கணக்கு, வாசகர் கேள்விகள்

கேள்வி: 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் ஆயிரம் பேருக்கு மேல் போட்டியிட்டார்களாமே, நிஜமா? விளம்பரத்துக்காகச் செய்த காரியமா?

பதில்: நிஜம்தான். 1,033 வேட்பாளர்கள். விளம்பரம் என்று சொல்வது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம். ஈரோட்டுக்குத் தெற்கே காவிரியை ஒட்டிக் கொடுமுடிப் பக்கம் நீளும் விவசாய பூமி அது. காலிங்கராயன் வாய்க்கால், கீழ்பவானிப் பாசனம், மஞ்சள், கரும்பு, வாழை என்று பிழைக்கும் ஊர்கள். தங்கள் குறைகளை எந்தக் கட்சியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றுதான் விவசாயிகள் கும்பலாகப் போய் மனுத்தாக்கல் செய்தார்கள். அன்றைக்கு 'நோட்டா' கிடையாது. எதிர்ப்பை வாக்குச்சீட்டிலேயே காட்ட வேண்டுமென்றால் தானே வேட்பாளராக நிற்பதுதான் பளிச்சென்று தெரியும் வழி.

வாக்குச்சீட்டு புத்தகமாகவே ஆகிவிட்டது. அதை அச்சடிக்க அவகாசம் தேவைப்பட்டதால் மற்ற தொகுதிகளோடு சேர்த்துத் தேர்தல் நடத்த முடியாமல் தள்ளிவைத்தார்கள். இன்னொரு சிரமம் பலருக்குத் தெரியாது. அப்போது கட்சி வேட்பாளர்களைத் தனியாக மேலே போடும் வழக்கம் இல்லை. எல்லாப் பெயரும் ஒரே அகர வரிசையில்தான் வரும். திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசனுக்குப் போட நினைத்தவர் ஆயிரம் பெயர்களுக்கு நடுவே அவரைத் தேட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சின்னம் ஒன்றுதான் துணை. அப்படியும் மக்கள் தேடிக் கண்டுபிடித்துக் குத்தினார்கள், அவர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். வாக்காளருக்கு விவரம் போதாது என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

கேள்வி: டெபாசிட் தொகையை உயர்த்தியது இதனால்தானா?

பதில்: மொடக்குறிச்சி மட்டும் காரணமல்ல. அதே 1996-ல் மக்களவைத் தேர்தலில் அன்றைய ஆந்திராவின் நல்கொண்டாவில் 480 பேரும் கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேரும் நின்றார்கள். நல்கொண்டாக்காரர்களின் பிரச்சினை ஃப்ளோரைடு கலந்த குடிநீர். மூன்றும் சேர்ந்துதான் டெல்லியை அசைத்தன.

அதுவரை சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250 ரூபாய். 1,033 பேரும் முழுத்தொகை கட்டியிருந்தாலும் மொத்தம் 2,58,250 ரூபாய்தான். 1996 ஆகஸ்டில் அது 5,000 ஆனது, 2010-லிருந்து 10,000. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பாதி. இன்றைய கணக்கில் அதே கூட்டம் நிற்க ஒரு கோடி ரூபாய்க்கு மேல் வேண்டும். சுயேச்சைக்குப் பத்து முன்மொழிபவர்கள் தேவை என்பதும், அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்களுக்கு முதலிடம், சுயேச்சைகளுக்குக் கடைசி இடம் என்கிற வரிசையும் அதே திருத்தத்தில் வந்தவை.

தேர்தலை நடத்துகிறவர்களின் சிரமம் எனக்குப் புரிகிறது. ஆனால் விவசாயி வைத்த கோரிக்கைக்குப் பதில் சொல்லாமல், அவன் தட்டிய கதவின் உயரத்தை மட்டும் ஏற்றிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். அதற்கப்புறமும் தட்டுவது நிற்கவில்லை. 2019-ல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் மஞ்சள் விவசாயிகள் திரண்டு நின்று, களத்தில் 185 பேர் ஆனார்கள். மஞ்சள் விளையும் இரண்டு சீமைகளிலும் ஒரே வழியைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: இன்று அப்படி ஆயிரம் பேர் நின்றால் வாக்குப்பதிவு இயந்திரம் தாங்குமா?

பதில்: தாங்காது. ஒரு பெட்டியில் 16 பொத்தான்கள். இப்போதைய எம்3 வகையில் 24 பெட்டிகள் வரை இணைக்கலாம். நோட்டாவையும் சேர்த்து 384. அதற்கு மேல் போனால் பழையபடி வாக்குச்சீட்டுதான்.

கேள்வி: 2021-ல் வெறும் 281 வாக்கில் முடிவானதே, அதுதான் அந்தத் தேர்தலில் குறைந்த வித்தியாசமா?

பதில்: இல்லை, சென்னை தியாகராய நகரில் 137 வாக்குதான் வித்தியாசம். மொடக்குறிச்சியில் பாஜகவின் சி. சரஸ்வதி 78,125, சுப்புலட்சுமி ஜெகதீசன் 77,844. பாஜக அந்த முறை தமிழ்நாட்டில் பிடித்த நான்கு இடங்களில் இதுவும் ஒன்று. முதல் இரண்டு இடத்திலும் பெண்கள் என்பதை அன்றைய பரபரப்பில் பலர் கவனிக்கவில்லை. அந்தச் சட்டமன்றத்துக்குத் தேர்வான பெண்கள் மொத்தமே 12 பேர் என்கிறபோது இது சாதாரண விஷயமல்ல. இத்தனைக்கும் இந்தத் தொகுதிக்கு இது புதிதல்ல. 1977-லேயே, அப்போது அதிமுகவில் இருந்த சுப்புலட்சுமியை அனுப்பிவைத்த ஊர். அவர் எம்ஜிஆர் அமைச்சரவையிலும் இடம்பெற்றார்.

வித்தியாசம் குறைவாக இருந்தால் தோற்றவர் என்ன செய்யலாம் என்று அதே வாசகர் கேட்டிருக்கிறார். எண்ணும் மையத்திலேயே, முடிவை அறிவிப்பதற்கு முன், மறு எண்ணிக்கை கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். அப்புறம் 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு. அது எவ்வளவு இழுக்கும் என்பதற்கு ராதாபுரம் தொகுதியே சாட்சி. 2016-ல் அங்கே 49 வாக்கில் தோற்ற திமுக வேட்பாளர் அப்பாவுவின் வழக்கில் மறு எண்ணிக்கைக்கு உத்தரவு வந்ததே 2019-ல்தான்.

கேள்வி: மொடக்குறிச்சி அதிமுக கோட்டை என்கிறார்களே?

பதில்: 2001, 2011, 2016 அதிமுக. ஆனால் 1989-ல் திமுகவின் அ. கணேசமூர்த்தி, 1996-ல் திமுக, 2006-ல் காங்கிரஸ், 2021-ல் பாஜக. கூட்டணி எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம் சாயும் தொகுதி என்பதே என் கணிப்பு.

கேள்வி: எந்தச் சாதிக்கு எத்தனை சதவீத வாக்கு என்று சரியான புள்ளிவிவரம் எங்கே கிடைக்கும்?

பதில்: எங்கும் கிடைக்காது. வாக்காளர் பட்டியலில் பெயர், வயது, பாலினம், உறவினர் பெயர், வீட்டு எண் இருக்கும், சாதி இருக்காது. கொங்கு வேளாளர் கணிசமாக உள்ள பகுதி, அருந்ததியரும் நெசவுக் குடும்பங்களும் உண்டு என்பது ஊரறிந்தது. அதற்கு மேல் தேர்தல் நேரத்தில் வரும் சதவீதங்கள் எல்லாம் கட்சிக்காரர்களின் யூகம்.

உண்மையிலேயே படிக்க ஆசையிருந்தால் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் 'படிவம் 20' பாருங்கள். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை என்று இருக்கும். கொடுமுடிப் பக்கச் சாவடிகளையும் ஈரோட்டை ஒட்டிய சாவடிகளையும் தனித்தனியாகக் கூட்டி வைத்து ஒப்பிடுங்கள். அந்த 281 எங்கே உருவானது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம்.