எழும்ப ஏலாமல் இருப்பது சோம்பல் இல்லை, தங்கச்சி

ஒஸ்லோவில் இது முதல் மாரி, நவம்பரிலிருந்து எவ்வளவு படுத்தாலும் எழும்ப ஏலேல்லை, இனிப்பாகவே தேடுது, சும்மா அழுகை வருது என்று எழுதியிருந்தீங்கள். தயவுசெய்து உங்களை நீங்களே ஏசாதீங்கோ. டிசம்பர் 21-ஐ ஒட்டி இங்க சூரியன் 9.15 தாண்டித்தான் எழும்பும், 3.15-க்கு முதல் போயிடும். காலை வெளிச்சம் கண்ணில் படாட்டி உடம்பின்ர மணிக்கூடு பிந்திப்போகும். 1984-லேயே மனநல டொக்டர் நோர்மன் ரோசந்தால் குழுவினர் இதைப் பருவகால மனச்சோர்வு என்ற வருத்தமாக விவரிச்சிருக்கினம்.

எனக்கு மூன்றாவது மாரியில்தான் வழி பிடிபட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அரை மணித்தியாலம் வெளியில் நடந்தன். மப்பாக இருந்தாலும் வெளி வெளிச்சம் வீட்டு லைட்டைவிடப் பல மடங்கு. சப்பாத்துக்கு அடியில் இரும்புப் பல்லு வைச்ச புரொட்டர் மாட்டுங்கோ. ஐஸில் சறுக்கி விழுந்திடுவன் என்ற பயத்திலேயே நான் இரண்டு மாரி வீட்டுக்குள்ள கிடந்தன்.

10,000 லக்ஸ் (லக்ஸ் என்றது வெளிச்சத்தின்ர அளவு) விளக்கும் உதவும். எழும்பினவுடன் 20–30 நிமிசம், தேத்தண்ணி குடிக்கேக்க பக்கத்தில் இருந்தால் சரி, உற்றுப் பார்க்க வேண்டாம். கண் வருத்தமோ, மனநிலை அளவுக்கு மிஞ்சி ஏறி இறங்குற பைபோலார் வருத்தமோ இருந்தால் முதலில் டொக்டரிட்ட கேளுங்கோ.

சும்மா அழுகை வாறதை மட்டும் தள்ளிப்போடாதீங்கோ, இந்தக் கிழமையே குடும்ப டொக்டரிட்டப் போங்கோ. பெப்ரவரி நடுவில் ஐந்து மணி வரை வெளிச்சம் நிற்கும். அதுவரை சேர்ந்து நடக்க ஆளில்லையெண்டால் எனக்கு எழுதுங்கோ.